தேன் மாமாவும் 583 மெயில்களும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் அடி விழும். காலையில் ஏழு மணிக்கு உங்கள் மெயில் பெட்டியில் "உங்களுக்காக மட்டும்! இன்று இரவு வரை!" என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறதல்லவா, அதைக் கொண்டு வந்து சேர்க்கிற பொட்டியைத் தட்டுகிறவர்களில் அடியேனும் ஒருவன். பெங்களூரில் ஒரு ஆன்லைன் வியாபாரக் கம்பெனி. பெயர் வேண்டாம், இ.எம்.ஐ. பாக்கி இருக்கிறது. மற்றவர்கள் ஆபீசில் ஆணி பிடுங்குகிறார்கள். நாங்கள் தினமும் ஒரே ஆணியை லட்சக்கணக்கான பேர் வீட்டுச் சுவரில் அடிக்கிறோம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தது இதற்குத்தான்.

மெயிலை எழுதுகிறவர்கள் வேறே டீம், அனுப்புகிற நாங்கள் வேறே டீம். ஒரே மெயிலுக்கு ரெண்டு தலைப்பு எழுதித் தருவார்கள். கொஞ்சம் பேருக்கு முதல் தலைப்பு, கொஞ்சம் பேருக்கு ரெண்டாவது. எது அதிகம் திறக்கப்படுகிறதோ அது மிச்சப் பேருக்கெல்லாம் போகும். இந்தத் 'திறந்தார்கள்' கணக்கே ஒரு டுபாக்கூர். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படத்தை மெயிலுக்குள் ஒட்டி வைப்போம். நீங்கள் திறந்தால் அந்தப் படம் எங்கள் சர்வரிலிருந்து இறங்கும், நாங்கள் ஒரு கோடு போட்டுக்கொள்வோம். 2021-ல் ஆப்பிள்காரன் தன் மெயில் செயலியில் அந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைக்க ஆரம்பித்தான். அதோடு ஐபோன் வைத்திருப்பவர்கள் தூக்கத்திலேயே எங்கள் மெயிலை எல்லாம் 'திறந்து' தள்ளினார்கள். எங்கள் மேனேஜர் அந்த வாரம் கேக் வெட்டினார். சத்தியமாக.

இவ்வளவு நாளில், இந்த மெயிலை யாராவது ஆசைப்பட்டுப் படிப்பார்களா என்ற கேள்வி எங்கள் மீட்டிங் எதிலும் வந்ததில்லை. அதை என்னிடம் முதலில் கேட்டவர் மாமா. அதுவும் நான் அவர் மானத்தை வாங்கின பிறகு.

மாமா என்றால் அம்மாவுக்கு ஒரே அண்ணன். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற பக்கம் வீடு. (மார்த்தாண்டம் எங்கே நாஞ்சில் நாட்டில் வருகிறது, அது விளவங்கோடு, தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு என்று அப்பா வீட்டு ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். அம்மா ஊரும் எனக்கு ஊர்தான், விடுங்கள்.) முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே கிளை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டர். பெரிய கட்டடம் எல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். வீட்டை ஒட்டின ஒரு அறை, ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரை. முத்திரை குத்துவதும் அவர்தான், சைக்கிளில் கொண்டு கொடுப்பதும் அவர்தான். 'ஈ.டி.' வேலை என்பார்கள், பிற்பாடு கிராமின் டாக் சேவக் என்று பெயர் மாற்றினார்கள். நாளுக்கு நாலைந்து மணி நேரம்தான் வேலை, பிழைப்புக்கு வேறே வருமானம் இருக்கிறவர்களுக்குத்தான் தருவார்கள். மாமாவுக்கு வேறே வருமானம் தேன்.

எங்கள் பக்கத்துத் தேனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராம மையம் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்தினார். கோழி, நெசவு, பனைவெல்லம் இவற்றோடு பெட்டியில் தேனீ வளர்ப்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு வரை வந்தாயிற்று. ஆனால் இந்தத் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் மார்கழி, தையில் இலையை உதிர்த்துவிட்டுத் தளிர்க்கும். மூன்று இலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் இனிப்பாக ஒரு நீர் சுரக்கும். ஈ அதைத்தான் எடுக்கிறது. தளிர் முற்றினால் முடிந்தது. அதாவது வருஷத்தில் ரெண்டு, ரெண்டரை மாசம்தான் சம்பாத்தியம். நடுவில் மழை விழுந்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

1991, 92-ல் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்க நாட்டுத் தேனீக்கூடுகளை அழித்தது. புழுக்கள் பை மாதிரி உப்பிச் சாகும். மாமாவிடம் இருந்த பெட்டிகளில் மிஞ்சியது மூன்று. அதிலிருந்து மறுபடி பெருக்கிக் கொண்டு வந்தவர். அதனால் தேன் விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. நான் விளையாடினேன்.

மாமாவிடம் ஒரு நோட்டு உண்டு. தேன் வாங்கினவர்களின் விலாசம், போன் நம்பர், கொஞ்ச வருஷமாக மெயில் ஐடியும். திற்பரப்பு அருவிக்கு வந்துவிட்டுப் போகும் வழியில் குப்பி வாங்கினவர்கள், துபாய்க்கும் தோஹாவுக்கும் கொண்டு போனவர்கள், பெங்களூரில் என் ஆபீஸ் ஆட்கள் என்று கலந்து கட்டி. 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள சி.எஸ்.இ. அமைப்பு கடைத்தேனைச் சோதித்து, 13 பிராண்டில் 3 மட்டும்தான் எல்லாச் சோதனையிலும் தேறின என்று சொன்னதல்லவா, அதற்குப் பிறகு நோட்டு வேகமாகப் புரண்டது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: சீனிப்பாகு கலக்காத தேன் கிடைக்குமா?

அந்த நோட்டைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் மாமாவுக்கு ஒரு டொமைன் வாங்கினேன், சின்னதாக ஒரு ஆர்டர் பக்கம் செய்தேன், ஒரு மெயில் சேவையில் கணக்குத் தொடங்கினேன். எஸ்.பி.எஃப்., டி.கிம், டி.மார்க் எல்லாம் சுத்தமாகப் போட்டேன். அந்த மாசம் ஆபீசிலும் அதே வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்கள் யாரென்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், விலக நினைப்பவர் ஒரே சொடுக்கில் விலக வழி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கறாராக நின்றார்கள். கம்பெனிக்காகத் தூக்கம் கெட்டு இதையெல்லாம் படித்தவன், மாமா விஷயத்தில் மட்டும் முட்டாளாகிவிட்டேன். மொத்த நோட்டையும் டைப் அடித்து ஏற்றினேன். 583 பேர். தலைப்பு: "பொங்கல் ஸ்பெஷல்! 20% தள்ளுபடி! இன்னும் 6 மணி நேரம் மட்டும்!" தேன் பானை பொங்குகிற மாதிரி ஒரு படம். அனுப்பு.

(ஆறு மணி நேரம் என்பது பச்சைப் பொய். மாமா வீட்டில் கடிகாரமே பத்து நிமிஷம் பின்னால்தான் ஓடும்.)

61 மெயில் திரும்பி வந்தன. மாமாவின் கையெழுத்தில் ஒன்றுக்கும் 'எல்'லுக்கும் வித்தியாசம் கிடையாது, சில பேர் வேலையும் ஐடியும் மாறியிருந்தார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பினால் எந்த மெயில் சேவையும் இவன் எங்கேயோ விலாசத்தைத் திருடியிருக்கிறான் என்றுதான் நினைக்கும். போதாததற்குச் சில பேர் ஸ்பேம் பொத்தானை அமுக்கியிருந்தார்கள். ஜிமெயில் எங்களைப் போன்ற சுண்டைக்காய்களுக்கு அந்தக் கணக்கைக் காட்டாது. மற்ற பெட்டிகளிலிருந்து வந்த புகாரே நாலு. அன்று ராத்திரியே கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

தள்ளுபடி மெயில் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் ஆர்டர் கிடைத்தது, பணம் வந்தது, கூரியர் நம்பர் இது என்று சொல்கிற மெயில்களும் அதே கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் நின்றுபோச்சு. மாமாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழாவது நாள் சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். 1,800 ரூபாய் கட்டியிருக்கிறார், ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. "ஊர் பேரைச் சொல்லி ஏமாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டார். முப்பது வருஷம் அடுத்தவர்களின் மணியார்டர் பணத்தைப் பைசா குறையாமல் எண்ணிக் கொடுத்த மனிதரிடம்.

மாமா அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினார். தேனையும் அனுப்பினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அத்தைதான் போனில் சொன்னாள், "மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடல்ல." அடுத்த சனிக்கிழமை மறுபடி ரயில் ஏறினேன்.

திண்ணையில் உட்கார்ந்து அந்த மெயிலைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். தலைப்பைச் சத்தமாகப் படிக்கிற போதே வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டு, "இத வாங்கி வாசிச்சா ஒருத்தனுக்கு என்ன பிரயோசனம் மக்களே?" என்றார். "தள்ளுபடி மாமா…" என்றேன். "அப்ப போன வாரம் முழு வெல குடுத்து வாங்கினவன் மடையனா?"

பதில் இல்லை.

பேச்சை மாற்ற, "மாமா, நீங்களும் விளம்பரக் கடுதாசி எல்லாம் வீடு வீடாக் கொண்டு போட்டவங்கதானே, தீபாவளிக்குத் துணிக்கடை அனுப்புவானே" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கொண்டு குடுக்கவன் நான், எழுதினவன் வேற ஆளு. இதுல எழுதினதும் எனக்க பேரு, கொண்டு போட்டதும் எனக்க பேரு."

பிறகு அவராகவே தபால் கதைக்குப் போனார். எந்தக் கடுதாசியை எங்கே வைத்து உடைப்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. வளைகுடாவிலிருந்து வருகிற ஏர்மெயிலை வாசல் நடையில் நின்றபடியே பிரிப்பார்கள், சில பேர் அவரையே வாசித்துக் காட்டச் சொல்வார்கள். கல்யாண அழைப்பு புக் போஸ்டில் ஒட்டாத உறையில் வரும். அது வீட்டுக்குள் போய், ஆள் எல்லாம் கூடின பிறகு வெளியே எடுக்கப்படும். பாங்கு நோட்டீஸ் சட்டைப் பைக்குள் மறையும். துணிக்கடைக் கடுதாசி நேரே பிள்ளைகள் கைக்குப் போகும், பின்பக்கம் கணக்குப் போட. அவருடைய தாத்தா காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாக 'அஞ்சல்' இருந்தது (1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது). மணி கட்டின கம்போடு அஞ்சலோட்டக்காரன் ஓடி வந்தால் யாராக இருந்தாலும் வழிவிட வேண்டும். "இப்ப உனக்க மெயில் மணியடிச்சிட்டு வந்தா ஆளு கதவ அடைக்கான்" என்றார். பொட்டி தட்டுகிறவனுக்கு இதைவிட வேறு செருப்படி வேண்டாம்.

அத்தைதான் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தாள். அதில் ஒரு கட்டு தபால் கார்டு. எல்லாம் தேன் வாங்கினவர்கள் மாமாவுக்கு எழுதின பதில்கள். பதில் என்றால், மாமா முதலில் எழுதியிருக்க வேண்டுமே! எழுதியிருக்கிறார். மெயில் ஐடி எல்லாம் வருவதற்கு முன்னால், பங்குனியில் தேன் எடுத்ததும் பழைய ஆட்களுக்கு ஐம்பது பைசா கார்டில் நாலு வரி. மிச்சமாகிப்போன ஒரு கார்டு கட்டுக்குள் கிடந்தது:

"தேன் எடுத்தாச்சு. இந்தத் தடவை நிறம் கொஞ்சம் கறுப்பு, ருசிக்குக் குறைவில்லை. 40 குப்பி உண்டு. போன வருஷக் குப்பியில் பாக்கி இருந்தால் இந்த வருஷம் வாங்க வேண்டாம், அது கெடாது."

வாங்க வேண்டாம்! என் மேனேஜரிடம் காட்டினால் மூச்சடைத்துப் போவார். ஆனால் பதில் கார்டுகளைப் பாருங்கள். ஒருவர் தன் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததைச் சொல்லிவிட்டு மூன்று குப்பி கேட்கிறார். இன்னொருவர் பாக்கி இருக்கிறது, வேண்டாம், ஆனால் அடுத்த வருஷமும் எழுதுங்கள் என்கிறார். சரக்கு வேண்டாம், கடுதாசி வேண்டும்! எங்கள் கம்பெனி சரித்திரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடையாது.

ரயிலில் திரும்பும்போது இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். தபாலில் சரக்கு விற்பது நம் ஊருக்குப் புதுசில்லை. ஆனந்த விகடனை 1928-ல் வாங்குவதற்கு முன்னால் எஸ்.எஸ். வாசன் செய்துகொண்டிருந்ததே விளம்பர ஏஜென்சியும் தபால்வழி வியாபாரமும்தான். அந்தக் காலத்து வி.பி.பி.-யில் ஒரு நியாயம் இருந்தது. பார்சல் வந்த பிறகுதான் பணம். வேண்டாம் என்று திருப்பிவிட்டால் போக வரத் தபால் செலவு விற்றவன் தலையில். மாமாவின் கார்டும் அப்படித்தான், இருநூறு பேருக்கு எழுதினால் நூறு ரூபாய், கூடவே நாலு நாள் கை வலி. அதனாலேயே யாருக்கு எழுதுகிறோம், என்ன எழுதுகிறோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. மெயிலில் அந்தச் செலவு இல்லை. 1978 மே மாதம் டெக் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர் அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் விளம்பரத்தை அனுப்பினார். உலகத்தின் முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். விலாசங்கள் அத்தனை இருந்ததால் அவற்றுக்கான இடம் நிரம்பி மெயிலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. கண்டபடி திட்டு விழுந்தது, கூடவே நல்ல விற்பனையும் நடந்தது என்று அவரே பின்னால் சொன்னார். அந்த ரெண்டாவது பாதியை மட்டும் பிடித்துக்கொண்டுதான் எங்கள் தொழிலே ஓடுகிறது.

இன்னொன்றும் உறைத்தது. நோட்டில் விலாசம் எழுதிக் கொடுத்தவர்கள் அந்த ஒரு குப்பி தேன் வந்து சேர்வதற்காகக் கொடுத்தார்கள். அதை எடுத்து நான் பொங்கல் வைத்துவிட்டேன். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: எந்தக் காரியத்துக்கென்று சம்மதித்துக் கொடுத்தாரோ அந்தக் காரியத்துக்கு மட்டும். சட்டம் படித்து எனக்குப் புரியவில்லை, அத்தையின் டிரங்குப் பெட்டியைப் பார்த்துத்தான் புரிந்தது.

வேறே சேவையில் கணக்குத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் முப்பது நாற்பது பேருக்கு மட்டும் ஒரு மெயில் போட்டேன். "பொங்கலுக்கு வந்த மெயிலுக்கு மன்னிக்கணும். தேன் எடுக்கும்போது ஒரு கடுதாசி எழுதலாமா? ஆம் என்று பதில் வந்தால் மட்டும் எழுதுவேன்." அவ்வளவுதான். 522 பேரில் 148 பேர் ஆம் என்றார்கள். மீதிப் பேரை அழித்துவிட்டேன். ஆபீசில் ஒரு லிஸ்டிலிருந்து முக்கால்வாசியை அழித்தால் என்னை வாசலில் நிறுத்துவார்கள். மாமாவோ, "நூத்தி நாப்பத்தெட்டு பேரா? கார்டு காலத்துல இவ்ளோ பேரு பதில் போடல்லியே!" என்று வாயெல்லாம் பல்.

முதல் கடுதாசி பங்குனியில். மாமா போனில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். திருத்தக்கூடாது என்று உத்தரவு. அந்த வருஷம் மாசியில் அவர்கள் பக்கம் ரெண்டு நாள் மழை. அதைச் சொன்னார், பாதிதான் கிடைத்தது என்றார். ரப்பர் தேனில் ஈரம் அதிகம், மூடியைத் திறந்தால் நுரைக்கலாம், பயப்பட வேண்டாம், ஈரக் கரண்டி போடாதீர்கள். சீக்கிரம் உறைந்து சீனி மாதிரி ஆகும், அது கலப்படத்தால் இல்லை, குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், அடுப்பில் ஏற்றாதீர்கள். நூலில் நனைத்து எரிப்பது, தண்ணீரில் சொட்டு விடுவது போன்ற சோதனைகளால் நல்ல தேனைக் கண்டுபிடிக்க முடியாது, எனக்கே தெரியாது. கடைசியில் ஒரு வரி: "ஒரு வயசு தெகயாத பிள்ளைக்குத் தேன் கொடுக்காதீங்க. சேனை வைக்கவும் வேண்டாம்."

இங்கே நான் தடுக்கப் பார்த்தேன். நம்ம பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பதற்கென்றே தேன் வாங்குகிறவர்கள் உண்டு, மாமாவுக்கே அப்படிப் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மாமா கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சிஸ்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: தேனில் ஒரு வகைக் கிருமியின் வித்து இருக்கலாம், பெரியவர்களை ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் அது முளைத்து விஷமாகும், பிள்ளை துவண்டு போகும். பொட்டுலிசம் என்று பெயர், நான் தேடிப் படித்தேன், சரிதான். "விக்கவன் நான். நான் சொல்லல்லன்னா வேற ஆரு சொல்லுவா?" என்றார்.

தலைப்பு கேட்டேன். "தேன் எடுத்தாச்சு" என்றார். அதுதான் தலைப்பு.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை, அந்தக் கண்ணுக்குத் தெரியாத படத்தை வைக்கவும் இல்லை. 43 பேர் பதில் எழுதினார்கள். பாதிப் பேர் தேன் கேட்டு. ஒரு பெண் எழுதியிருந்தார், அடுத்த மாதம் தங்கச்சிக்குப் பிரசவம், சேனைக்கென்று உங்களிடம்தான் வாங்கி வைத்திருந்தோம், அம்மாவிடம் இந்த மெயிலைப் படித்துக் காட்டினேன், சண்டை போட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். மாமாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். "தேனக் கேட்டாளா?" என்றார். இல்லை என்றேன். "செரி" என்று போனை வைத்துவிட்டார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டதாக அத்தை தகவல்.

(ஆபீசில் இதைச் சொல்லி, வாரம் ஒரு மெயில் மட்டும் அனுப்பிப் பார்ப்போமா என்று கேட்டேன். "நைஸ் ஸ்டோரி" என்றார்கள். இப்போது தினமும் ரெண்டு போகிறது.)

எனக்குள் இருக்கிற மார்க்கெட்டிங் பேய் அதோடு அடங்கவில்லை. மாதம் ஒன்றாவது போகணும் மாமா, இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள் என்று அரித்தேன். உதாரணத்துக்கு நம் பார்வதிபுரத்தையே காட்டினேன். ஜெயமோகன் 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை வெண்முரசை நாளுக்கு ஒரு அத்தியாயமாக இணையத்தில் போட்டார், நள்ளிரவு தாண்டியதும் திறந்து படிக்கிறவர்கள் இருந்தார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தால் ஜனம் காத்திருக்கும் என்றேன். மாமா சிரித்தார். "அவருக்குச் சொல்லதுக்கு மகாபாரதம் கெடக்கு. எனக்கு வருஷத்துக்கு ஒரு தேனெடுப்பு. அதத்தானே சொல்ல முடியும்?"

அப்படிச் சொன்ன மனுஷன் இந்த ஆடியில் அவராகவே கூப்பிட்டார். ஒரு கடுதாசி உண்டு, எழுது என்றார். மழைக்காலத்தில் ஈக்குத் தீனி கிடையாது, கூடு பட்டினியில் செத்துவிடாமல் இருக்கச் சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பெட்டிக்குள் வைப்பார்கள். தேனீ வளர்க்கிற எல்லாரும் செய்வதுதான். அந்தப் பாகு, ஈ தின்று உயிரோடிருக்க. அந்தச் சமயத்தில் யாரும் தேன் எடுப்பதில்லை. அதை எழுதச் சொல்கிறார்! சீனி என்ற சொல்லைப் பார்த்ததுமே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் மாமா, அதற்குப் பயந்துதானே உங்களிடம் வந்தார்கள் என்று கத்தினேன். "நாளைக்கு ஒருத்தன் இஞ்ச வந்து பெட்டியத் தெறந்து பாகப் பாத்தா என்ன நெனப்பான்? கடுதாசில மொதல்ல வரட்டும்" என்றார்.

டைப் அடித்த மெயில் ஒன்பது நாள் என் டிராஃப்டில் கிடந்தது. தினமும் "போட்டியா மக்களே?" என்று கேட்பார், நெட் சரியில்லை என்பேன். சாஃப்ட்வேர் இன்ஜினியர் சொல்கிற காரணமா இது? போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

ஆறு பேர் விலகிக்கொண்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை தவிர எல்லாம் எழுதியிருந்தார். பதினொரு பேர் நன்றி சொன்னார்கள். சென்னைக்கார அம்மா, அவரேதான், ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: மழைக்காலத்தில் வைத்த பாகில் கொஞ்சம் அறையில் மிஞ்சியிருந்து, தையில் எடுக்கிற தேனோடு கலந்துவிடாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் லைனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "எழுதிக்க" என்றார். கீழ் அறையையும் மேல் அறையையும் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இடையில் அத்தை வந்து கட்டன்சாயா கொடுத்துவிட்டுப் போனது கேட்டது, இன்னும் முடியவில்லை. மீதியை அடிக்கணும், வர்ட்டா.